பழைய கணினி ஊர்கிறது: துப்புரவு மென்பொருள் போதுமா, திருகாணியைக் கழற்ற வேண்டுமா?

இளவேனில்

வணக்கம். வீட்டில் 2013இல் வாங்கிய மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. இன்டெல் கோர் ஐ3 மூன்றாம் தலைமுறை, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 உடன் வந்தது. பிறகு 10க்கு உயர்த்திக்கொண்டோம். இப்போது அப்பாதான் அதிகம் பயன்படுத்துகிறார். கடிதம் தட்டச்சு செய்வார், வங்கிக் கணக்கு பார்ப்பார், பழைய பாடல் கேட்பார்.

பொத்தானை அழுத்தினால் முகப்புத் திரை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் தொல்லை. உலாவி திறப்பதற்குள் அப்பா எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். இலவசத் துப்புரவு மென்பொருள்கள் சிலவற்றை ஓட்டிப் பார்த்தேன். ஒன்று நூற்றுக்கணக்கான பிழைகளைச் சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டு, சரிசெய்யப் பணம் கேட்கிறது. ஃபார்மட் செய்துவிடலாமா? அல்லது இதற்குமேல் செலவு செய்வதே வீணா?

வேகவிரும்பி

ஃபார்மட் எல்லாம் வேண்டாம். நல்ல ரெஜிஸ்ட்ரி துப்புரவு மென்பொருள் ஒன்றைப் போடுங்கள். கூடவே ரேம் பூஸ்டர். டெம்ப், பிரீஃபெட்ச் ஆகிய இரண்டு கோப்புறைகளையும் காலி செய்துவிட்டு டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் கருவி) ஓட்டுங்கள். என் பழைய கணினியை இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பறக்கிறது.

திருகாணி

இளவேனில், மேலே சொன்னதில் எதையும் இப்போது செய்ய வேண்டாம். குறிப்பாக டிஃப்ராக் வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயல்திறன் பக்கத்தில் சிபியு, நினைவகம், டிஸ்க் மூன்றும் எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் படத்துக்குக் கீழே சராசரி பதில் நேரம் என்று மில்லி நொடியில் ஓர் எண் இருக்கும். எனக்கு அதுதான் மிகவும் வேண்டும். படிக்கும் வேகம் எத்தனை எம்பி என்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்று: தொடக்கத்திலிருந்தே மெதுவா, அல்லது நன்றாக ஓடிக்கொண்டிருந்து கால் மணி நேரம் கழித்து மெதுவாகிறதா? முதலாவது என்றால் வட்டின் மேல், அதாவது ஹார்ட் டிஸ்க்கின் மேல் சந்தேகம். இரண்டாவது என்றால் சூட்டின் மேல் சந்தேகம்.

கணக்குப்பிள்ளை

வேகவிரும்பி தம்பி, கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ரெஜிஸ்ட்ரி என்பது திறவுகோல் கொடுத்து எடுக்கும் தரவுத்தளம். ஒரு நிரல் தனக்கு வேண்டிய பதிவின் பெயரைச் சொல்லிக் கேட்கும். அந்தப் பதிவு மட்டும் வரும். யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிக்கொண்டு போவதில்லை. லட்சக்கணக்கான பதிவுகளில் சில நூறு செத்த பதிவுகளை நீக்கினால் கண்ணுக்குத் தெரியும் வேகம் எங்கிருந்து வரும்? தவறான ஒன்றை நீக்கினால் மட்டும் விளைவு நன்றாகவே தெரியும். ரெஜிஸ்ட்ரி துப்புரவுக் கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது.

பிரீஃபெட்ச் கோப்புறையில் இருப்பது, நீங்கள் அடிக்கடி திறக்கும் நிரலுக்கு எந்தக் கோப்புகள் தேவைப்படும் என்ற குறிப்பு. அடுத்த முறை விரைவாகத் திறப்பதற்காக விண்டோஸ் எழுதி வைத்துக்கொள்கிறது. அதைக் காலி செய்தால் அடுத்த முறை இன்னும் மெதுவாகத் திறக்கும், பிறகு அதே குறிப்பு மறுபடி எழுதப்படும்.

ரேம் பூஸ்டர் கதை இன்னும் வேடிக்கை. ரேமில் இருப்பதை வலுக்கட்டாயமாக வட்டுக்குத் தள்ளிவிட்டு, இதோ ஒரு ஜிபி காலி என்று பெருமையாகக் காட்டும். அந்தத் தரவு திரும்பத் தேவைப்படும்போது ஏற்கெனவே திணறும் வட்டிலிருந்துதான் எடுத்து வர வேண்டும். காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை.

வேகவிரும்பி

ஏட்டுக் கணக்கு எல்லாம் சரி. துப்புரவு மென்பொருளை ஓட்டிய பிறகு என் கணினி வேகமானது உண்மை. அதை எப்படி விளக்குவீர்கள்?

கணக்குப்பிள்ளை

அந்த மென்பொருள் கூடவே வேறு என்ன செய்தது என்று பாருங்கள். பெரும்பாலும் கணினி தொடங்கும்போது தானாகத் திறக்கும் நிரல்களை முடக்கியிருக்கும். அதனால் வேகம் கூடியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்றே ஒரு பக்கம் இருக்கிறது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டினால் அதே பட்டியல் வரும். அரட்டைச் செயலி, பிரிண்டர் கூடவே வந்த விளம்பரச் சாளரம், ஒவ்வொரு மென்பொருளின் புதுப்பிப்பு உதவியாளர் என்று வரிசையாக நிற்கும். நச்சுநிரல் தடுப்பையும் ஒலி, தொடுபலகை இயக்கிகளையும் விட்டுவிட்டு மற்றதை முடக்கலாம். முடக்குவது நீக்குவது ஆகாது. நிரல் அப்படியே இருக்கும், கூப்பிட்டால் வரும்.

இன்னொரு நினைவூட்டல். 2017இல் சிசிகிளீனர் என்ற புகழ்பெற்ற துப்புரவு மென்பொருளின் 5.33 பதிப்பிலேயே தீநிரல் புகுத்தப்பட்டு, அதிகாரப்பூர்வத் தரவிறக்கம் வழியாகவே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும், கணினியின் எல்லா மூலைக்கும் போகும் அனுமதியை எதற்குக் கொடுக்கிறோம் என்று ஒருமுறை யோசிப்பது நல்லது.

இளவேனில்

திருகாணி ஐயா, பார்த்துவிட்டேன். சிபியு 15 சதவீதத்துக்குள். நினைவகம் 85. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பிகூட இல்லை! சராசரி பதில் நேரம் 2000, 3000 மில்லி நொடி என்று ஏறி இறங்குகிறது. தொடக்கத்திலிருந்தே மெதுவுதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டு வேறு வேறு நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று வேறு எதையோ நிறுவியபோது கூடவே வந்திருக்க வேண்டும்.

திருகாணி

அந்த இரண்டில் ஒன்றை உடனே நீக்குங்கள். நீங்கள் ஒரு கோப்பைத் திறந்தால் முதலாவது சோதிக்கும், அது சோதிப்பதற்காகத் திறந்ததை இரண்டாவது சோதிக்கும். இரண்டையுமே நீக்கினாலும் குறையில்லை. விண்டோஸ் 10இல் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது, வேறொன்று இல்லையென்றால் தானாகப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

இப்போது முக்கியமானது. வட்டு 100 சதவீதம், ஆனால் 1 எம்பிகூட வரவில்லை என்று ஆச்சரியப்படுகிறீர்கள். அது ஏன் என்று சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல்கிறது, அதன் மேல் ஒரு கை நகர்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய இடம் தலைக்கு நேராக வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். கை சரியான தடத்துக்குப் போக இன்னும் 8 அல்லது 9 மில்லி நொடி. ஆக ஒரு துண்டை எடுக்கவே ஏறத்தாழ 13 மில்லி நொடி. நொடிக்கு 75, 80 துண்டுகள்தான். ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்றால் நொடிக்கு 300 கேபி சொச்சம். திரைப்படக் கோப்பு மாதிரி தொடர்ச்சியாகக் கிடப்பதைப் படிக்கும்போது அதே வட்டு 100 எம்பிக்கு மேல் தரும். ஆனால் கணினி தொடங்கும்போதும் உலாவி திறக்கும்போதும் வட்டின் மூலை முடுக்கெல்லாம் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத்தான் எடுக்கிறது. மடிக்கணினிகளில் வரும் 5400 சுற்று வட்டு இதைவிட மோசம். மூன்று நிரல்கள் ஒரே நேரத்தில் கேட்டால் கை இங்கும் அங்குமாக ஓடியே ஓய்ந்துபோகும்.

எஸ்எஸ்டி என்பது சிப்புகளில் தரவை வைக்கும் சேமிப்பகம். அதில் தட்டும் இல்லை, கையும் இல்லை. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லி நொடி அளவுதான். பழைய கணினிக்கு எஸ்எஸ்டி போடுங்கள் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். தொடர்ச்சியாகப் படிக்கும் வேகத்தில் நாலைந்து மடங்குதான் வேறுபாடு. சிதறியதைப் படிப்பதில் நூறு மடங்குக்கு மேல்.

சரி, ஆனால் உங்கள் எண்ணில் எனக்குப் பிடிக்காத ஒன்று இருக்கிறது. நெரிசலில் திணறும் நல்ல வட்டுக்கு நூறு, இருநூறு மில்லி நொடி வரும். 2000, 3000 என்று நிலையாக நின்றால், வட்டு சில இடங்களைப் படிக்க முடியாமல் மறுபடி மறுபடி முயல்கிறது என்றே நினைக்கத் தோன்றுகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியைத் திறந்து, ஸ்மார்ட் (வட்டு தன் நலத்தைத் தானே குறித்து வைப்பது) பட்டியலில் 05, சி5, சி6 ஆகிய வரிசைகளுக்கு நேராக உள்ள எண்களை எழுதுங்கள். 05 என்பது ஏற்கெனவே கெட்டு மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 என்பது கைவிடப்பட்டவை. சி7 மட்டும் ஏறியிருந்தால் மகிழ்ச்சி. அது பெரும்பாலும் வட்டைப் பலகையோடு இணைக்கும் சாட்டா கேபிளின் கோளாறு, கேபிளை மாற்றினால் முடிந்தது.

டிஃப்ராக் வேண்டாம் என்றதற்கும் இதுதான் காரணம். சாகக் கிடக்கும் வட்டில் டிஃப்ராக் ஓட்டினால், ஒவ்வொரு கோப்பையும் எடுத்து வேறிடத்தில் வைக்கச் சொல்லி மணிக்கணக்கில் வேலை வாங்குகிறோம்.

இளவேனில்

மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை என்று காட்டுகிறது. 05இல் சிறிய எண். சி5இல் அதைவிடப் பெரிய எண். சி7 பூஜ்யம். இதற்கு என்ன பொருள்? அப்பாவின் பல ஆண்டுக் கடிதங்களும் கட்டுரைகளும் இதில் மட்டும்தான் இருக்கின்றன.

திருகாணி

வேகத்தை மறந்துவிடுங்கள். முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். இன்றே.

மதிலோரம்

இது போன்ற வட்டுகளிலிருந்து நிறையக் கோப்பு எடுத்திருக்கிறேன் என்பதால் வரிசையைச் சொல்கிறேன். அப்பாவின் எழுத்து, புகைப்படங்கள் முதலில். பாடலும் திரைப்படமும் கடைசியில். அவற்றை வேறெங்காவது பெற்றுக்கொள்ளலாம். ஒரேயடியாக முழு வட்டையும் பிடித்து இழுக்காமல், கோப்புறை கோப்புறையாக எடுங்கள். ஏதாவது ஒரு கோப்பில் சிக்கி நின்றால் அதைத் தாண்டிப் போய் மற்றதை முடித்துவிட்டுத் திரும்புங்கள். விண்டோஸின் வட்டுச் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் முறையில் ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். நகல் எடுத்து முடிக்கும் வரை கூடாது. அதுவும் முழு வட்டையும் உழுது பார்க்கும் வேலை. சாதாரண நகலெடுப்பே முடியவில்லை என்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. படிக்க முடிந்த இடங்களை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும்.

எல்லோரும் மறப்பவை சில: உலாவியின் புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும், மின்னஞ்சல் நிரல் வைத்திருந்தால் அதன் கோப்பு, டெஸ்க்டாப்பில் குவிந்து கிடப்பவை.

அப்பா எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்? யூனிகோடு என்றால் கவலையில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துரு என்றால் எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், ஒவ்வொரு கடிதமும் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இளவேனில்

பாமினிதான்! கேட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. எழுத்துருவையும் எடுத்துவிட்டேன். கடிதங்கள் எல்லாம் வெளிவட்டுக்கு வந்துவிட்டன, திறந்தும் பார்த்துவிட்டேன். சில பாடல்கள் மட்டும் படிக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டன. அப்பாவுக்கு அந்த வருத்தம் இருக்கிறது.

அடுத்து எஸ்எஸ்டி. எதை வாங்குவது? இருப்பதை அப்படியே குளோன் செய்யலாமா?

திருகாணி

எச்61 பலகையில் எம்.2 (சிறிய எஸ்எஸ்டியை நேராகச் செருகும்) இடம் பொதுவாகக் கிடையாது. ஆகவே 2.5 அங்குல சாட்டா வகை. அந்தப் பலகையின் சாட்டா இணைப்பு இரண்டாம் தலைமுறை, நொடிக்கு 3 ஜிகாபிட். அதாவது உச்சமே 300 எம்பிதான். பெட்டியில் 550 எம்பி என்று அச்சிட்டிருப்பதில் பாதிதான் கிடைக்கும். அதனால் விலை உயர்ந்த எஸ்எஸ்டி வாங்கிப் பயனில்லை. நான் மேலே சொன்ன சிதறிய துண்டுக் கணக்கில் இந்த வரம்பு பெரிதாகக் குறுக்கே வராது, கவலை வேண்டாம். 240 ஜிபி அப்பாவுக்குப் போதும்.

குளோன் செய்வதற்கு முன் ஒரு கேள்வி. சிஸ்டம் பக்கத்தில் 32-பிட் என்று இருக்கிறதா, 64-பிட் என்று இருக்கிறதா? பயன்படுத்தக்கூடிய நினைவகம் எவ்வளவு என்று காட்டுகிறது?

இளவேனில்

32-பிட் இயங்குதளம், எக்ஸ்64 செயலி என்று இருக்கிறது. 4 ஜிபி, அடைப்புக்குறிக்குள் 3.4 பயன்படுத்தக்கூடியது.

கணக்குப்பிள்ளை

பிடிபட்டது. விண்டோஸ் 7 32-பிட்டில் தொடங்கி, அதன் மேலேயே 10க்கு உயர்த்தியிருக்கிறீர்கள். உயர்த்தும்போது 32 அப்படியே 32ஆகத்தான் வரும். வீட்டுக்கான 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் தொடாது. அதிலும் கிராஃபிக்ஸ் முதலான வன்பொருளுக்கான முகவரிகள் போக மிச்சம்தான் கிடைக்கும். நீங்கள் 8 ஜிபி போட்டிருந்தாலும் அதே 3.4தான் காட்டியிருக்கும். ரேம் வாங்கிப் போட்டும் ஒன்றும் மாறவில்லை என்று புலம்புபவர்களில் பலருடைய கதை இதுதான்.

32இலிருந்து 64க்குப் போகப் புதிதாக நிறுவுவது ஒன்றே வழி. கெட்டுப்போன வட்டை எதற்குக் குளோன் செய்வது? புதிதாகவே போடுங்கள். ஏற்கெனவே முறைப்படி செயல்படுத்தப்பட்ட விண்டோஸ் 10 என்றால், அதே பதிப்பின் 64-பிட்டை நிறுவி இணையத்தில் இணைத்ததும் உரிமம் தானாக ஏற்கப்படும்.

மூன்றாம்பிறை

ஒரு நிமிடம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. புதிதாக நிறுவுகிறோம் என்ற பேச்சு வந்த பிறகும் ஏன் யாரும் லினக்ஸைப் பற்றிச் சொல்லவில்லை? லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இந்தக் கணினியில் அருமையாக ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகக் கிடைக்கும். துப்புரவு மென்பொருள் வியாபாரமே அங்கே கிடையாது!

வேகவிரும்பி

லினக்ஸ் அன்பர் வந்துவிட்டார். இனி இழை வேறு திசையில் போகும்.

திருகாணி

வந்தது நல்லதுதான், ஆதரவுத் தேதி உண்மையான பிரச்சினை. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் வேறு கேட்கும். குறுக்கு வழியில் நிறுவலாம், ஓடவும் செய்யும். ஆனால் புதுப்பிப்பு கிடைக்கும் என்று உறுதியில்லை என மைக்ரோசாஃப்ட் கைவிரித்துவிட்டது. அப்பா வங்கிக் கணக்கு பார்க்கும் கணினிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 10க்கான நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கொடுப்பதாக அறிவித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தைப் பயன்படுத்தி லினக்ஸைப் பழகிப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

மூன்றாம்பிறை, ஒரு கேள்வி. எழுபது வயதுக்காரர் ஒரே இடத்தில் ஒரே பொத்தானை அழுத்திப் பழகியிருக்கிறார். நாளை அந்தப் பொத்தான் இல்லையென்றால் தொலைபேசி உங்களுக்கு வருமா, இளவேனிலுக்கு வருமா?

மூன்றாம்பிறை

நியாயம்தான். ஆனால் இதற்குப் பந்தயம் கட்டத் தேவையில்லை. பென் டிரைவிலிருந்தே லினக்ஸைத் துவக்கிப் பார்க்கலாம், வட்டில் எதையும் எழுதாது. பிரிண்டர் அச்சிடுகிறதா, வங்கித் தளம் திறக்கிறதா, பாமினிக் கடிதம் லிபர்ஆஃபிஸ் என்ற இலவச எழுத்து மென்பொருளில் சரியாகத் தெரிகிறதா என்று அப்பாவை வைத்தே சோதியுங்கள். டிஜிட்டல் கையொப்பச் சாவி ஏதாவது பயன்படுத்துகிறார் என்றால் அதைக் கட்டாயம் பாருங்கள். சிலவற்றுக்கு லினக்ஸ் இயக்கி இல்லை.

உண்மையான 32-பிட் செயலி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்களுக்குத் தெரிவுகள் குறைந்துகொண்டே வருகின்றன. உபுண்டு 2019லேயே கைவிட்டது, டெபியன் 13இலும் 32-பிட்டுக்கான நிறுவி இல்லை.

தூசிப்படை

எஸ்எஸ்டி போட எப்படியும் பெட்டியைத் திறக்கப்போகிறீர்கள். திறந்த கையோடு தூசியும் போகட்டும்.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பெட்டியைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் தூசி உங்கள் நுரையீரலுக்குத்தான் வரும். காற்று டப்பாவோ கையால் அழுத்தும் ஊதுகுழலோ போதும். வீட்டு வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கைப் பலகைக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம், நிலைமின்சாரம் சேரும். காற்று ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் அதன் தாங்கி போய்விடும். செயலியின் மேல் உள்ள உலோகத் தகடுகளின் இடுக்கில்தான் தூசி கம்பளம் மாதிரி படிந்திருக்கும். பவர் சப்ளை பெட்டிக்கு வெளியிலிருந்து மட்டும் ஊதுங்கள். அதைத் திறக்கக் கூடாது, உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

தெர்மல் பேஸ்ட் (செயலியின் சூட்டை உலோகத் தகட்டுக்குக் கடத்தும் பசை) பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தால் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். மாற்றுவதென்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு சிறு துளி வையுங்கள். வழிய வழியப் பூசினால் சூடு குறையாது. இன்டெல் விசிறியின் நான்கு பிளாஸ்டிக் முளைகளையும் எதிர் மூலைகளாக அழுத்துங்கள், நான்கும் சொடுக்கென்று விழ வேண்டும். ஒன்று விழாவிட்டாலும் செயலி சூடேறும். 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இளவேனிலின் கணினிக்குச் சூடு முக்கியக் காரணம் இல்லை என்று அந்த 15 சதவீத சிபியுவே சொல்கிறது. ஆகவே பேஸ்ட்டைத் தொடத் தயக்கம் இருந்தால் விட்டுவிடலாம். கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை பாருங்கள். உப்பியிருந்தால் அந்தப் பலகைக்கு எஸ்எஸ்டி வாங்குவதே யோசிக்க வேண்டிய செலவு.

பலகையில் நாணயம் போன்ற சிஆர்2032 மின்கலம் இருக்கும். கணினி ஒவ்வொரு முறையும் பழைய தேதியைக் காட்டினால் அதை மாற்றுங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி வங்கித் தளம் திறக்க மறுக்கும். இணையம் கெட்டுவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

வேகவிரும்பி

ரேம்?

திருகாணி

4 ஜிபி டிடிஆர்3 இன்னும் ஒன்று. பலகையில் இரண்டு இடம் இருக்கும். டிடிஆர்4 அதில் நுழையாது, வெட்டு வேறிடத்தில் இருக்கும். அழுத்தி நுழைக்கப் பார்க்க வேண்டாம். மடிக்கணினிக்கானது குட்டையாக இருக்கும், அதுவும் சேராது.

இளவேனில், நிறுவும்போது இரண்டு விஷயம். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) சாட்டா முறை ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஐடிஇ என்று இருந்தால் மாற்றிவிட்டு நிறுவுங்கள். நிறுவிய பிறகு மாற்றினால் நீலத் திரை வரும். அடுத்து, பழைய வட்டின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் இணைத்து நிறுவுங்கள். இரண்டும் இணைந்திருந்தால் விண்டோஸ் தன் துவக்கக் கோப்பைப் பழைய வட்டிலேயே எழுதிவிடும் வாய்ப்பு உண்டு. பிறகு அதைக் கழற்றிய அன்று கணினி எழுந்திருக்காது.

இளவேனில்

எல்லாம் முடிந்தது. 64-பிட் விண்டோஸ் 10, நீட்டித்த புதுப்பிப்பிலும் பதிவு செய்துவிட்டேன். பயாஸில் ஐடிஇ என்றுதான் இருந்தது, மாற்றிவிட்டு நிறுவினேன். ரேம் இப்போது 8. பெட்டிக்குள்ளிருந்து வந்த தூசியைப் படம் எடுத்துப் போட வெட்கமாக இருக்கிறது. கெப்பாசிட்டர்கள் தட்டையாகவே இருக்கின்றன.

உலாவி சொடுக்கியதும் திறக்கிறது. அப்பா முதலில் நம்பவில்லை, புதுக் கணினியை உள்ளே வைத்துவிட்டாயா என்று கேட்டார். லினக்ஸ் பென் டிரைவும் தயார் செய்து வைத்திருக்கிறேன், மூன்றாம்பிறை.

ஒரு குறை மட்டும். யூடியூப் காணொளியை முழுத் திரையில் உயர் தரத்தில் வைத்தால் இன்னும் திக்கித் திக்கி ஓடுகிறது. சிபியு 90ஐத் தாண்டுகிறது.

கணக்குப்பிள்ளை

இது வட்டின் குற்றமில்லை. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 ஆகிய முறைகளில் காணொளியை அனுப்புகிறது. உங்கள் மூன்றாம் தலைமுறைச் செயலியில் உள்ள கிராஃபிக்ஸுக்கு எச்.264 முறையை வன்பொருளிலேயே விரிக்கத் தெரியும், இந்த இரண்டையும் தெரியாது. இவற்றைச் செயலியே மூச்சுப் பிடித்து விரிக்க வேண்டியிருக்கிறது. எச்264ஃபை என்ற சிறிய உலாவி நீட்சி இருக்கிறது. எச்.264 மட்டும்தான் எனக்குத் தெரியும் என்று அது உலாவியைச் சொல்ல வைக்கும். யூடியூப் அதையே அனுப்பும். 1080 வரைதான் கிடைக்கும். அப்பாவின் திரைக்கு அதுவே அதிகம்.

உலாவியில் மற்ற நீட்சிகளையும் ஒருமுறை பாருங்கள். விலை ஒப்பிடுவது, கூப்பன் தேடுவது, பின்னணி மாற்றுவது என்று வந்து சேர்ந்தவை ஒவ்வொரு பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கும்.

மதிலோரம்

இன்னொன்றைச் சேர்க்கிறேன். விண்டோஸ் 8இலிருந்து ஷட்டவுன் என்பது முழு நிறுத்தம் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் அமைப்பின் உள்பகுதியை அப்படியே வட்டில் சேமித்துவிட்டு உறங்கும். தினமும் அணைத்துப் போட்டாலும் டாஸ்க் மேனேஜரில் இயங்கும் நேரம் பல நாட்கள் என்று காட்டும். ஏதாவது விநோதமாக நடந்தால் அப்பாவிடம் ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லுங்கள், அதுதான் உண்மையில் புதிதாகத் தொடங்கும்.

இளவேனில்

எச்.264 வேலை செய்கிறது, 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. நன்றி. பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து, கடிதங்களின் காப்புப் படிக்கு வைத்துக்கொள்ளலாமா?

மதிலோரம்

கூடவே கூடாது. சி5 ஏறிய வட்டில் காப்புப் படியா? நம்பி வைத்த நாளில் கைவிடும். தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை முழுவதும் அழித்துவிடுங்கள். விரைவு ஃபார்மட் போதாது, அது பட்டியலை மட்டும்தான் அழிக்கும், கோப்பு அப்படியே இருக்கும். அழிக்க முடியாத அளவுக்குத் திணறினால் மேல்மூடியைக் கழற்றித் தட்டைச் சிதைத்துவிடுங்கள். சில வட்டுகளின் தட்டு கண்ணாடியால் ஆனது, சில்லு தெறிக்கும், கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வேகவிரும்பி

நானும் என் மடிக்கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். டிஸ்க் 100தான். ஆனால் உள்ளே ஹார்ட் டிஸ்க்கே இல்லை, 32 ஜிபி இஎம்எம்சி என்று போட்டிருக்கிறது. எஸ்எஸ்டி மாற்றலாமா?

திருகாணி

இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்பைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள், கழற்ற முடியாது. 32 ஜிபியில் விண்டோஸ் புதுப்பிப்புக்கே இடம் இருக்காது. கீழ்மூடியைத் திறந்து எம்.2 அல்லது சாட்டா இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், சில மாதிரிகளில் உண்டு. இல்லையென்றால் மூன்றாம்பிறையைக் கூப்பிடுங்கள்.

மூன்றாம்பிறை

மாதிரி எண்ணைப் போடுங்கள், பார்க்கலாம்.